அடுப்படியில் நின்று அழுவது கோளாறு இல்லை

புளியரையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "ஒரே மகள். பிளஸ் டூ முடித்துவிட்டாள், நல்ல மார்க். கோயம்புத்தூரில் காலேஜ் கிடைத்து ஹாஸ்டலுக்குப் பணமும் கட்டியாச்சு. ஜூன் கடைசியில் கிளம்புகிறாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் காலையில் அடுப்படியில் நின்றாலே அழுகை வந்துவிடுகிறது. வீட்டுக்காரர் புனலூரில் கடை வைத்திருக்கிறார், சனிக்கிழமைதான் வருவார். 'புள்ளைய படிக்கத்தான அனுப்புறோம், இதுக்குப் போய் அழுவாங்களா' என்கிறார். அவளோ எதற்கெடுத்தாலும் என்னிடம் சண்டை போடுகிறாள். எனக்கு ஏதாவது கோளாறா? இதை எப்படித் தாங்குவது?"

தங்கச்சி, உங்களுக்குக் கோளாறு எதுவும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் செங்கோட்டை வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் முப்பது வருடத்துக்கு மேல் பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளுக்குத் தமிழ் எடுத்தவள். வருடா வருடம் மே மாதம் ரிசல்ட் வந்த பிறகு டி.சி. வாங்க வரும் அம்மா அப்பாக்களைப் பார்த்தவள். என் பிள்ளைகள் இரண்டு பேரையும் வெளியூர் அனுப்பியவள். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டி.சி.யில் அங்க அடையாளம் என்று ஓர் இடம் உண்டு. மச்சமோ தழும்போ இருப்பதை எழுத வேண்டும். நாங்கள் அதைக் கையால் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு அம்மா மகனோடு வந்தார். தேங்காய் மண்டியில் வேலை, படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதால் வரி வரியாக வாசித்துக் காட்டினேன். "வலது முழங்கையில் ஒரு மச்சம்" என்று வந்ததும், "ஆமா டீச்சர், ஒண்ணாங்கிளாஸ்ல சேக்கும்போது நாந்தான் சட்டையத் தூக்கிக் காட்டுனேன்" என்றார். பக்கத்தில் நின்ற பையனுக்கு மீசை முளைத்திருந்தது. அவன் கையைத் திருப்பி அந்த மச்சத்தைப் பார்த்தான். அவரும் பார்த்தார். அப்புறம் தாளை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போய் வராந்தா தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பையன் பாஸ், நல்ல மார்க்கும்கூட. கால் மணி நேரம் அந்த அம்மா எழுந்திருக்கவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. பிள்ளை போகிறது என்பது பாதி துக்கம்தான். மீதி, கையிலிருந்த வேலை போகிறது என்பது. வருடத்துக்கு 200 பள்ளி நாள் என்று குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள், பன்னிரண்டு வருடத்துக்கு 2,400 காலை ஆகிறது. அத்தனை காலையும் நீங்கள் ஐந்து மணிக்கு எழுந்து, உலை வைத்து, தலை பின்னி, ரிப்பன் வைத்து ரெட்டைச் சடையை மடித்துக் கட்டி, டிபன் பாக்ஸைத் துடைத்து மூடி, "தண்ணி பாட்டில் எடுத்தியா" என்று கேட்டு அனுப்பியிருக்கிறீர்கள். கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாளும் அந்தக் கைக்கு ஐந்து மணிக்கு விழிப்பு வரும். செய்ய ஒன்றும் இருக்காது. அடுப்படியில் அழுகை வருவது அதனால்தான். வேறு எந்த இடத்திலும் அவள் இல்லாததை உங்கள் கை இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. இதைப் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. நம் ஊரில் பிள்ளையைப் பிரிவதற்கு வழிவழியாக ஏற்பாடு இருந்தது. பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பும்போது அழலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். சீர் வரிசை, மறுவீடு, முதல் ஆடி என்று அனுப்பவும் திரும்ப அழைக்கவும் நாள் குறித்து வைத்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் வந்து கூட உட்காருவார்கள். பிளஸ் டூ முடித்துப் போகும் பிள்ளைக்கு அப்படி என்ன இருக்கிறது? கட்‑ஆஃப், ரேண்டம் நம்பர், சாதிச் சான்று, முதல் பட்டதாரி சான்று, ஒவ்வொன்றிலும் மூன்று ஜெராக்ஸ். ஒரு பெரிய பிரிவு நடக்கிறது, அதற்கென்று ஒரு சடங்கு கிடையாது. அதனால்தான் வீட்டுக்காரருக்கு அது பிரிவாகவே தெரியவில்லை. உங்களுக்கும் அழ ஒரு நியாயம் இல்லாத மாதிரித் தோன்றுகிறது.

ஆனால் தமிழுக்கு இந்த அழுகை புதிது இல்லை. மகளைப் போகவிட்டு வீட்டில் தனித்து நிற்கும் தாயை நற்றாய் என்று சொல்லி, அவள் வாயால் பாட்டாகவே பாடி வைத்திருக்கிறார்கள். நற்றிணையில் 184ஆம் பாட்டை நான் வருடக்கணக்காக வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்தத் தாய்க்கும் உங்களைப் போல ஒரே மகள். விரும்பியவனோடு நேற்றுப் பெரிய மலைக் காட்டைத் தாண்டிப் போய்விட்டாள். அக்கம்பக்கத்தார் வந்து, துயரத்தைத் தாங்கிக்கொள் என்கிறார்கள். அதற்கு அவள், அறிவுடையவர்களே, அது எப்படி முடியும் என்று திருப்பிக் கேட்கிறாள். மகள் விளையாடிய நொச்சி மரமும் திண்ணையும் கண்ணில் படும்போதெல்லாம் உள்ளம் வேகிறது என்கிறாள். கண்ணுக்குள் இருக்கும் பாவை இறங்கி நடை பழகியது போல இருந்தவள் என்று மகளைச் சொல்கிறாள். இளம் வயதில் அதை உவமை நயத்துக்காக நடத்தினேன். என் மகன் போன பிறகுதான் நொச்சியும் திண்ணையும் ஏன் வருகின்றன என்று தெரிந்தது. துக்கம் பொதுவாக வருவதில்லை, பொருளில் வந்து உட்காருகிறது. உங்கள் வீட்டில் அது டிபன் பாக்ஸாக இருக்கும், சடை ரிப்பனாக இருக்கும்.

"இதை எப்படித் தாங்குவது" என்று நீங்கள் கேட்டதும் எனக்கு முதலில் அந்தப் பாட்டுதான் நினைவுக்கு வந்தது. தாங்கு என்று சொல்லும் அறிவுடையவர்கள் பக்கம் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

நம் மலையோரத்தில் இன்னொரு பழக்கமும் உண்டு. 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை மலையாளக் கரையோடு ஒரே ஆட்சியில் இருந்த ஊர். ஆரியங்காவுக் கணவாய் தாண்டிக் கேரளத்துப் பக்கம் போய்ப் பிழைத்து, வாரக் கடைசியிலோ மாசத்துக்கு ஒரு தடவையோ வீட்டுக்கு வருவது இங்கே எத்தனையோ குடும்பங்களுக்குத் தலைமுறைப் பழக்கம். உங்கள் வீட்டுக்காரரும் அப்படித்தான். போனவர் திரும்பி வருவார், அதே ஆளாக வருவார். அவருக்குப் பிரிவு என்றால் அதுதான். அதனால் மகள் போவதையும் அதே கணக்கில் வைக்கிறார். உங்களுக்குத் தெரியும், இது அது இல்லை. தீபாவளிக்கு வருகிறவள் இதே பிள்ளையாக இருக்க மாட்டாள்.

அவர் கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அப்பாக்களுக்கு இது வேறு வழியில் வரும். எனக்குத் தெரிந்து ஒருவர் இருபது வருடமாக புளியரை செக்போஸ்ட் வழியாகக் காய்கறி லாரி ஓட்டியவர். மகளின் டி.சி. வாங்க, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அவர் வந்தார். விண்ணப்பத்தில் எந்தப் பாடப்பிரிவு என்று எழுத வேண்டும். பேனாவைப் பிடித்தபடி ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் மெதுவாக, "டீச்சர், எம்புள்ள எந்த குரூப்பு படிச்சா?" என்று கேட்டார். நான் சொன்னேன். எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "நான் வாரப்பல்லாம் தூங்கிட்டு இருப்பா டீச்சர்" என்றார். பிள்ளை படிக்க வேண்டும் என்றுதான் அத்தனை இரவும் அவர் கணவாய் ஏறி இறங்கியது. வளர்ந்ததைப் பார்க்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை, இனிமேல் பார்க்கலாம் என்று திரும்பும்போது பிள்ளை கிளம்பிவிட்டது. அம்மாக்களின் துக்கத்தைவிட இது சின்னது என்று என்னால் சொல்ல முடியாது. உங்கள் வீட்டுக்காரர் "இதுக்குப் போய் அழுவாங்களா" என்று சொல்வது உங்களுக்கா, தனக்குத் தானேயா என்று அடுத்த சனிக்கிழமை கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.

சரி, சண்டைக்கு வருகிறேன்.

கிளம்பப் போகிற பிள்ளை வீட்டில் சண்டை போடுவது ஏறக்குறைய எல்லா வீட்டிலும் நடக்கிறது. "எதுக்கும்மா சும்மா சும்மா கேக்கிற", "எனக்குத் தெரியும், நீ விடு" என்று எரிந்து விழும். பதின்வயதுப் பிள்ளைகளைப் பற்றி ஆராய்ந்த பீட்டர் பிளாஸ் என்ற மனநல அறிஞர், இது பெற்றோரிடமிருந்து பிள்ளை இரண்டாவது தடவை பிரியும் காலம் என்று 1967-ல் எழுதினார். முதல் தடவை, நடை பழகும் வயதில். அப்போது உங்கள் மகள் என்ன செய்திருப்பாள்? உங்கள் கையை உதறிவிட்டு நாலு எட்டு ஓடி, திரும்பி நீங்கள் நிற்கிறீர்களா என்று பார்த்திருப்பாள். இப்போதும் அதேதான் செய்கிறாள், ஆள்தான் வளர்ந்துவிட்டாள். சண்டை என்பது கையை உதறுவது. ராத்திரி பதினொரு மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று உங்கள் பாயில் வந்து படுப்பாள் பாருங்கள், அது திரும்பிப் பார்ப்பது. பாசமாக இருந்துகொண்டே கிளம்புவது பதினேழு வயதுக்கு ரொம்பக் கஷ்டம், கோபத்தோடு கிளம்புவது சுலபம். அவளுக்கும் பயம் இருக்கிறது. அதைச் சொல்லத் தெரியவில்லை, அதனால் சட்னியில் உப்பு இல்லை என்று சொல்கிறாள்.

இந்த நேரத்தில் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். "நீ போயிட்டா நான் எப்படி இருப்பேனோ" என்று அவள் காதில் விழும்படி சொல்லாதீர்கள். அழுவது தப்பில்லை, அவள் பார்க்க அழுதாலும் தப்பில்லை. ஆனால் உங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவள் பையில் வைத்து அனுப்பக்கூடாது. ஹாஸ்டலுக்குப் போய், அம்மா சாப்பிட்டாளா தூங்கினாளா என்ற கவலையிலேயே முதல் செமஸ்டரைக் கோட்டைவிட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். "நீ போறது எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நீ போகணும். நான் பாத்துக்கிடுவேன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்றை விட்டாலும் பிள்ளைக்கு வேறு மாதிரித்தான் கேட்கும்.

போன் விஷயம் சுருக்கமாக. ராத்திரி ஒரு நேரம் பேசி வைத்துக்கொண்டு அவளையே கூப்பிடச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரம் அழுதுகொண்டு கூப்பிடுவாள், உடனே பஸ் ஏறிப் போய் நிற்காதீர்கள். மூன்றாவது வாரம் கூப்பிட மறந்துவிடுவாள். உங்களுக்கு வலிப்பது அன்றைக்குத்தான். கிளம்பும் நாளைவிட அதற்குத்தான் உங்களைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

இருக்கிற சில வாரங்களில் அவளுக்கு வேலை கொடுங்கள். துணி துவைக்கட்டும். தென்காசிக்குத் தனியாகப் போய்த் தனியாக ஒரு ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வரட்டும். பேங்கில் அவளே வரிசையில் நிற்கட்டும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம், பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் என்று இருக்கிறது. அந்தப் பணத்துக்கு நீங்கள் கணக்குக் கேட்காதீர்கள். முதல் மாதம் வளையலும் ஐஸ்கிரீமுமாகப் போய்விடும். போகட்டும்.

ரிசல்ட்டில் ஒரு பாடம் போய்விட்ட பிள்ளையின் அம்மா யாராவது இதை வாசித்தால் அவருக்கும் ஒரு வார்த்தை. துணைத்தேர்வு அதே வருடமே வந்துவிடும், எழுதித் தேறி அந்த ஜூலையிலேயே கல்லூரி சேர்ந்த பிள்ளைகள் என் வகுப்பிலேயே உண்டு. ஆனால் உங்கள் துக்கம் வேறு. மற்ற வீடுகளில் பெட்டி கட்டுகிறார்கள், உங்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளை படுத்திருக்கிறது. அந்தக் கதவைத் தட்டிச் சாப்பாடு கொடுங்கள், கேள்வி கேட்காதீர்கள். வேறு எந்த அறிவுரையும் அந்த வாரத்துக்குத் தேவையில்லை.

எதுவரை சாதாரண வருத்தம், எங்கே கவனிக்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். நினைப்பு வரும்போது அழுது, அப்புறம் எழுந்து சோறு வடித்து, பக்கத்து வீட்டில் பேசிச் சிரிக்கவும் முடிகிறது என்றால் அது வருத்தம், தன்னால் அடங்கும். இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க மனம் இருண்டே கிடக்கிறது, தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். நாற்பதைத் தாண்டிய அம்மாக்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலமும் இதோடு சேர்ந்து வந்துவிடுவதுண்டு. அதுவும் தூக்கத்தையும் மனத்தையும் கலைக்கும், டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

என் கதையையும் சொல்கிறேன். இதற்குத்தான் இவ்வளவு நேரம் தயங்கிக்கொண்டிருந்தேன்.

நான் 1980-ல் பிளஸ் டூ முதல் பேட்ச். பாளையங்கோட்டைக்குப் படிக்கப் போனேன். பஸ் ஏறும் முன்னால் என் அம்மா அத்தனை பேர் பார்க்க, இரண்டு கன்னத்தையும் கையால் வழித்து, தன் நெற்றிப் பொட்டில் விரல்களை வைத்து நெட்டி முறித்தாள். பத்து விரலும் படபடவென்று முறிந்தது. "யாத்தா, எவ்வளவு கண்ணு" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் ஹாஸ்டலில் முதல் ராத்திரி அந்தச் சத்தம்தான் காதில் இருந்தது.

2009 ஜூலையில் என் மகன் என்ஜினியரிங் படிக்கச் சென்னைக்குக் கிளம்பினான். பொதிகை எக்ஸ்பிரஸ், செங்கோட்டையில் சாயங்காலம் ஏற வேண்டும். அப்போது ஸ்டேஷனில் சென்னைக்குப் போகும் அகலப் பாதையும் இருந்தது, ஆரியங்காவு ஏறி புனலூர் போகும் பழைய மீட்டர் கேஜும் இருந்தது. மீட்டர் கேஜை அடுத்த வருடம் நிறுத்தினார்கள், அகலப் பாதையாக அது திரும்பி வர 2018 ஆகிவிட்டது. சாரல் அடித்துக்கொண்டிருந்தது. இருபது நிமிடம் நானும் அவனும் பிளாட்பாரத்தில் நின்றோம். சார்ஜர் எடுத்தியா, அட்மிஷன் ஆர்டர் மேல் பையில் இருக்கா, மாத்திரை எங்க வச்ச. அத்தனை நேரமும் சாமான் கணக்குதான் பேசினேன். ஊரில் எல்லோருக்கும் என்னை டீச்சராகத் தெரியும், அந்த இடத்தில் நெட்டி முறிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ரயில் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தால் கொடியில் அவன் காலையில் குளித்த துண்டு. சாரல் மாதத்தில் நம் ஊரில் எது காயும்? ஈரமாகவே கிடந்தது. நாலைந்து நாளில் காய்ந்தது, அப்புறமும் நான் எடுக்கவில்லை. ஆடி முடிகிற வரைக்கும் அது கொடியிலேயே கிடந்தது. என் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

வேலை கிடைத்து ரொம்ப நாள் கழித்து ஒரு தடவை அவனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அன்னைக்கு நீ ஏதாவது சொல்லுவேன்னு நினைச்சேன்மா" என்றான்.

மகளை 2012-ல் அனுப்பும்போது அதே பிளாட்பாரத்தில் இரண்டு கன்னத்தையும் வழித்து நெட்டி முறித்தேன். எட்டு விரல்தான் முறிந்தது. "மெதுவாம்மா, எல்லாரும் பாக்காங்க" என்றாள், ஆனால் முகத்தை எடுக்கவில்லை.

அதனால் தங்கச்சி, கிளம்பும் நாளை ஹாஸ்டல் சாமானுக்கு மட்டும் விட்டுவிடாதீர்கள். பெட்டியை முந்தின நாளே கட்டி முடித்துவிடுங்கள். காலையில் அவளுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, நீங்களே பின்னிவிடுங்கள். இப்போது ரெட்டைச் சடை வேண்டாம் என்பாள், ஒற்றைப் பின்னல் போதும். போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை, நீங்கள் அவசரப்படாதீர்கள். காலேஜ் திங்கள்கிழமை திறக்கிறது என்றால் ஞாயிறு ராத்திரி தென்காசியில் பஸ் ஏற்றிக்கொள்ளலாம். அன்றைக்கு அவளுடைய அப்பாவும் வீட்டில் இருப்பார். கடையைத் திங்கள்கிழமை மத்தியானம் திறந்துகொள்ளலாம் என்று இந்தச் சனிக்கிழமையே அவரிடம் சொல்லி வைத்துவிடுங்கள்.